கோப்புகளை நிரல் வழியே நகலெடுக்கும்போது பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறாமல் இருக்க என்ன செய்வது?

கேள்வி – அட்டைப்படம்

வணக்கம். ஒரு சிறிய பதிப்பகத்தின் இணையதளத்துக்கு நூல்களின் அட்டைப் படங்களைத் தொகுத்து அனுப்புவதற்காக ஒரு பைத்தான் நிரல் எழுதி வைத்திருக்கிறேன். படங்கள் எல்லாம் விண்டோஸ் 10 கணினியில், என்டிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை கொண்ட வட்டில், ஒரே கோப்புறையில் இருக்கின்றன. எந்தெந்தப் படம் போக வேண்டும் என்பதை அலுவலகத்தில் உள்ளவர்கள் ஒரு சிஎஸ்வி பட்டியலில் தட்டச்சு செய்து தருகிறார்கள். நிரல் அந்தப் பட்டியலை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு பெயரையும் மூலக் கோப்புறையின் பாதையோடு சேர்த்து, கோப்புகளைக் கையாளும் ஷுட்டில் தொகுதியின் காப்பி2 செயற்கூற்றைக் கொண்டு வெளியீட்டுக் கோப்புறைக்கு நகலெடுக்கிறது. அதன்பின் அந்தக் கோப்புறை அப்படியே ஒரு லினக்ஸ் சர்வருக்கு ஏற்றப்படுகிறது.

என் கணினியில் பக்கத்தைத் திறந்தால் எல்லாப் படங்களும் தெரிகின்றன. சர்வரில் பார்த்தால் பல படங்களுக்குக் கோப்பு இல்லை என்னும் 404 பிழை வருகிறது. மூலக் கோப்புறையில் முதலெழுத்தும் ஜேபிஜி என்னும் நீட்சியும் பெரிய எழுத்தில் இருக்கும் கோப்பு, வெளியீட்டுக் கோப்புறையில் முழுக்கச் சிறிய எழுத்தில் வந்து நிற்கிறது. காப்பி2 என்பது கோப்பு மாற்றப்பட்ட நேரத்தைக்கூடப் பாதுகாக்கும் செயற்கூறு ஆயிற்றே, பெயரை மட்டும் ஏன் மாற்றுகிறது என்பது விளங்கவில்லை. இதைவிடக் குழப்பமாக, பட்டியலில் உள்ள பெயர்களைத் திருத்திவிட்டு நிரலை மறுபடி ஓட்டினாலும் சில கோப்புகள் பழைய எழுத்திலேயே இருக்கின்றன.

பெயரின் எழுத்தைக் காப்பாற்று என்று சொல்வதற்கு ஏதேனும் அளவுரு உண்டா? இல்லையென்றால் இது விண்டோஸின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டு எல்லாவற்றையும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிட வேண்டியதுதானா?

பதில் – தறி

அப்படி ஓர் அளவுரு கிடையாது. அதற்குக் காரணம், நகலெடுக்கும் செயற்கூறு மூலக் கோப்பின் பெயரை வட்டிலிருந்து படிப்பதே இல்லை என்பதுதான். அது கோப்பின் உள்ளடக்கத்தைப் படிக்கிறது; காப்பி2 என்றால் நேரம் முதலிய விவரங்களையும் படிக்கிறது; பெயரை மட்டும் நீங்கள் கையில் கொடுத்த சரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இலக்காக ஒரு கோப்புறையைக் கொடுத்தால், மூலப் பாதையாக நீங்கள் அனுப்பிய சரத்தின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்து, அதையே புதிய கோப்பின் பெயராக வைக்கிறது. ஆகவே உங்கள் வெளியீட்டுக் கோப்புறையில் இருப்பவை வட்டில் இருந்த பெயர்கள் அல்ல, பட்டியலைத் தட்டச்சு செய்தவரின் விரல்கள் விட்டுச்சென்ற பெயர்கள்.

தவறான எழுத்தில் கொடுத்தும் மூலக் கோப்பு எப்படித் திறக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். என்டிஎஃப்எஸ் ஒரு பெயரைக் கொடுத்த வடிவிலேயே சேமித்து வைக்கிறது. ஆனால் விண்டோஸ் நிரல்கள் வழக்கமான வழியில் அந்தப் பெயரைத் தேடும்போது, வட்டிலேயே பதிந்திருக்கும் ஓர் எழுத்து அட்டவணையைக் கொண்டு இரு பக்கத்துப் பெயர்களையும் பெரிய எழுத்தாக்கி ஒப்பிடுகிறது. சேமிப்பில் வேறுபாடு காக்கப்படுகிறது, தேடலில் அது பொருட்படுத்தப்படுவதில்லை. லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் கோப்பு முறைமைகளோ தேடலிலும் வேறுபாடு பார்க்கின்றன. அதனால்தான் ஒரே பெயர் உங்கள் கணினியில் திறக்கிறது, சர்வரில் 404 ஆகிறது.

எனவே பட்டியலில் உள்ள பெயரைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். நகலுக்கு வைக்கும் பெயரைக் கோப்புறையின் உள்ளடக்கப் பட்டியலிலிருந்து எடுங்கள். மூலக் கோப்புறையை ஓஎஸ் தொகுதியின் ஸ்கேன்டிர் அல்லது லிஸ்ட்டிர் கொண்டு ஒரே ஒருமுறை படித்து ஓர் அகராதி கட்டிக்கொண்டால் போதும். சிறிய எழுத்தாக்கிய பெயர் அதன் சாவியாகவும், வட்டில் உள்ளபடியே இருக்கும் பெயர் அதன் மதிப்பாகவும் இருக்கட்டும். பட்டியலில் வரும் பெயரையும் சிறிய எழுத்தாக்கி, அதைச் சாவியாகக் கொண்டு உண்மையான பெயரைப் பெற்று, மூலப் பாதையையும் இலக்குப் பாதையையும் அந்த உண்மையான பெயரால் அமையுங்கள். இலக்குக்கு வெறும் கோப்புறையைக் கொடுக்காமல் முழுப் பாதையையும் எழுதிவிட்டால், பின்னாளில் இந்த நிரலைப் படிப்பவருக்கும் பெயர் எங்கிருந்து வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

சாவியை உருவாக்கும்போது எழுத்து வேறுபாட்டை இன்னும் தீவிரமாக நீக்கும் கேஸ்ஃபோல்டு என்னும் செயற்கூற்றை விட, சாதாரணமாகச் சிறிய எழுத்தாக்கும் லோயர் என்பதே இங்கே பொருத்தம். கேஸ்ஃபோல்டு ஜெர்மன் மொழியின் எஸ்செட் எழுத்தை இரண்டு எஸ் எழுத்துகளாக விரித்துவிடும். என்டிஎஃப்எஸ் அட்டவணையோ ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில்தான் மாற்றுகிறது. அதனால் வட்டில் இரு வேறு கோப்புகளாக இருப்பவை உங்கள் அகராதியில் ஒன்றாகிவிட வாய்ப்பு உண்டு. ஒரு சாவிக்கு இரண்டு பெயர்கள் வந்தால் நிரல் சத்தமில்லாமல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, பிழை காட்டி நிற்க வேண்டும். இதையே சி ஷார்ப் மொழியில் செய்பவர்கள் எழுத்துகளை மாற்றி ஒப்பிடுவதைத் தவிர்த்து, அகராதியை உருவாக்கும்போதே ஆர்டினல் இக்னோர்கேஸ் என்னும் ஒப்பீட்டு முறையைக் கொடுத்துவிடுவது நல்லது. துருக்கி மொழி அமைப்புள்ள கணினியில் பெரிய ஐ எழுத்து, புள்ளி இல்லாத சிறிய ஐ எழுத்தாக மாறுவதால் பல நல்ல நிரல்கள் அங்கே தடுக்கி விழுந்திருக்கின்றன.

இன்னொரு வழியும் உண்டு. பைத்தான் 3.8 முதல் விண்டோஸில் ரியல்பாத் செயற்கூறு வட்டில் உள்ள உண்மையான பெயரைத் திருப்பித் தருகிறது. ஆனால் அது வேறொரு கோப்பைச் சுட்டும் குறியீட்டு இணைப்புகளையும் அவிழ்த்துவிடும். ஓர் எழுத்தால் குறிக்கப்பட்ட பிணைய இயக்ககம் என்றால் அதைச் சர்வர் பெயரோடு கூடிய நீண்ட பாதையாகவும் மாற்றிவிடும். ஒன்றிரண்டு கோப்புகளுக்கு அது சரி. உங்களுடையதைப் போன்ற பட்டியல் வேலைக்கு அகராதியே எளிது. குளோப் செயற்கூற்றை நம்பவும் வேண்டாம். நட்சத்திரக் குறி போன்ற எதுவும் இல்லாத பெயரைக் கொடுத்தால், கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நீங்கள் தட்டச்சு செய்ததையே அது திருப்பித் தரும்.

பதில் – கருவிப்பெட்டி

தறி சொன்னது முதல் பாதிக்கான விடை. பட்டியலைத் திருத்திய பிறகும் பழைய எழுத்தே நிற்பதற்குக் காரணம் வேறு.

வெளியீட்டுக் கோப்புறையில் முன்பு ஓடியபோது உருவான சிறிய எழுத்துக் கோப்பு இன்னும் இருக்கிறது. இப்போது நீங்கள் முதலெழுத்து பெரிதாக உள்ள பெயரில் நகலெடுக்கச் சொன்னால், விண்டோஸ் அந்தப் பெயரைத் தேடி, ஏற்கெனவே இருக்கும் சிறிய எழுத்துக் கோப்பையே கண்டுபிடித்து, அதைத் திறந்து உள்ளடக்கத்தை மட்டும் அழித்து எழுதுகிறது. கோப்புறையில் உள்ள பெயர்ப் பதிவை யாரும் தொடுவதில்லை. பைத்தானுக்கு மட்டுமன்றி, விண்டோஸின் சொந்தக் காப்பிஃபைல் அழைப்புக்கும், மேக் கணினியின் வழக்கமான ஏபிஎஃப்எஸ் வட்டில் நகலெடுக்கும் சிபி கட்டளைக்கும் இது பொருந்தும். ஆகவே எவ்வளவு சரியான பெயரைக் கொடுத்தாலும், ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் அதன் பெயரே வெல்லும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் இருக்கின்றன. வெளியீட்டுக் கோப்புறை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கப்படுவதானால், நகலெடுப்பதற்கு முன் அதை முழுவதும் காலி செய்துவிடுங்கள். இதுவே நான் விரும்பும் வழி. காலி செய்ய முடியாத நிலை என்றால், இலக்குக் கோப்புறையையும் ஸ்கேன்டிர் கொண்டு படித்து, எழுத்தில் மட்டும் வேறுபடும் பெயர் இருந்தால் அதை முதலில் ரெனேம் செயற்கூற்றால் சரியான வடிவுக்கு மாற்றிவிட்டு, பிறகு நகலெடுங்கள். எழுத்தை மட்டும் மாற்றும் பெயர்மாற்றத்தை விண்டோஸ் மறுக்காமல் செய்கிறது.

கோப்புறைகளின் பெயருக்கும் இதே நிலைதான், பலர் இதைக் கவனிப்பதில்லை. மேக்டிர்ஸ் செயற்கூற்றிடம் ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு என்று சொல்லியிருந்தால், வேறு எழுத்தில் இருக்கும் பழைய கோப்புறையைப் பார்த்து அது திருப்தி அடைந்துவிடும். டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் எழுதுபவர்களுக்கு மேலும் ஒரு தடை உண்டு. அங்கே டைரக்டரி வகுப்பின் மூவ் செயற்கூறு, எழுத்தில் மட்டும் வேறுபடும் இரு பெயர்களைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றே என்று சொல்லி விதிவிலக்கு என்னும் பிழையை எறியும். அங்கே முதலில் ஓர் இடைப்பெயருக்கு மாற்றி, பிறகு அதிலிருந்து வேண்டிய பெயருக்கு மாற்ற வேண்டும்.

முழுக் கோப்புறையையும் காப்பிட்ரீ கொண்டு நகலெடுப்பவர்களுக்கு முதல் சிக்கல் வராது, ஏனெனில் உள்ளே இருக்கும் பெயர்களை அது வட்டிலிருந்து தானே படித்துக்கொள்கிறது; உச்சியில் உள்ள கோப்புறையின் பெயர் மட்டும் நீங்கள் கொடுப்பது. ஏற்கெனவே உள்ள கோப்புறைக்குள் எழுத அதற்கு அனுமதி கொடுத்திருந்தால், இரண்டாவது சிக்கல் அதற்கும் வரும்.

கேள்வி கேட்டவர் – அட்டைப்படம்

இருவருக்கும் நன்றி. அகராதி முறைக்கு மாற்றி, வெளியீட்டுக் கோப்புறையையும் ஒவ்வொரு முறை காலி செய்யும்படி அமைத்தேன். பட்டியலிலிருந்து வரும் படங்கள் எல்லாம் இப்போது சரியான பெயரோடு போகின்றன.

இன்னும் ஒரு பகுதி மட்டும் பிடிபடாமல் இருக்கிறது. நூல் வெளியீட்டு விழாக்களின் படங்கள் கேமராவின் நினைவக அட்டையிலிருந்து வருகின்றன. அவற்றை ஒரு பழைய லினக்ஸ் கணினியில் இதே நிரல்தான் நகலெடுக்கிறது, கோப்புறையையும் நேரடியாகப் படிக்கிறது. இருந்தும், அட்டையை விண்டோஸில் செருகினால் பெரிய எழுத்தில் தெரியும் பெயர்கள், அந்த லினக்ஸ் கணினியிலிருந்து வரும் நகல்களில் முழுக்கச் சிறிய எழுத்தில் இருக்கின்றன. உண்மையான பெயரை வட்டிலிருந்தே எடுத்தபிறகும் இப்படி ஆவது எப்படி?

பதில் – கூடம்

உங்கள் நிரல் தவறு செய்யவில்லை. அதற்குக் காட்டப்பட்ட பெயரே சிறிய எழுத்தில் இருக்கிறது. அந்தக் கணினியில் அட்டையைச் செருகி, நிரலை ஓட்டாமல், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை மட்டும் கொடுத்துப் பாருங்கள், அங்கேயும் சிறிய எழுத்தையே காண்பீர்கள்.

சிறிய கொள்ளளவுள்ள நினைவக அட்டைகளில் இருப்பது ஃபேட் குடும்பத்தைச் சேர்ந்த கோப்பு முறைமை. அதன் மூல வடிவில் ஒரு பெயருக்கு எட்டு எழுத்துகளும் நீட்சிக்கு மூன்று எழுத்துகளும்தான் இடம். அவையும் பெரிய எழுத்தில் மட்டுமே பதியப்படும். விண்டோஸ் 95 வந்தபோது, பழைய பதிவுக்குப் பக்கத்தில் கூடுதல் பதிவுகளை வைத்து நீண்ட பெயர்களையும் எழுத்து வேறுபாட்டையும் சேமிக்கும் முறை பரவலானது. ஆனால் எட்டுக்கு மூன்று என்ற அளவுக்குள் அடங்கி, முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும் பெயருக்கு அந்தக் கூடுதல் பதிவு தேவையில்லை என்பதால் அது எழுதப்படுவதில்லை. கேமராக்கள் பின்பற்றும் டிசிஎஃப் தரத்தின்படி, படத்தின் பெயர் நான்கு எழுத்துகளும் அதைத் தொடர்ந்து 0001 முதல் 9999 வரையிலான எண்ணும் கொண்டது. எழுத்துகள் எல்லாம் பெரியவை. ஆக, கேமரா எழுதும் ஒவ்வொரு பெயரும் எட்டுக்கு மூன்று என்ற குறும்பெயராக மட்டுமே அட்டையில் இருக்கும்.

குறும்பெயரை எந்த எழுத்தில் காட்டுவது என்பதை இயங்குதளம் தீர்மானிக்கிறது. லினக்ஸில், நீண்ட பெயர்களையும் ஏற்கும் ஃபேட் வடிவமான விஃபேட் முறைமையை ஏற்றும்போது ஷார்ட்நேம் என்று ஒரு தெரிவு உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்புகளில் அதன் இயல்பு மதிப்பு லோயர். அதாவது குறும்பெயர் எதுவாயினும் சிறிய எழுத்தாக்கிக் காட்டும். பிற்பாடு இயல்பு மதிப்பு மிக்ஸ்டு ஆனது. அது உள்ளபடியே காட்டும். உங்கள் கணினி பழையது என்று நீங்களே சொல்வதால் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். மவுண்ட் கட்டளையை வெறுமனே கொடுத்தால் அட்டை எந்தத் தெரிவுகளோடு ஏற்றப்பட்டிருக்கிறது என்பது தெரியும். ஷார்ட்நேம் லோயர் என்று இருந்தால் மிக்ஸ்டு என்று மாற்றி மறுபடி ஏற்றுங்கள்.

வின்என்டி என்ற மதிப்பையும் அங்கே காணலாம். விண்டோஸ் என்டி குடும்பம், குறும்பெயர் முழுக்கச் சிறிய எழுத்தில் இருந்தால் நீண்ட பெயர்ப் பதிவை உருவாக்காமல், பதிவில் உள்ள ஒரு பைட்டில் பெயருக்கு ஒரு பிட், நீட்சிக்கு ஒரு பிட் என்று குறித்து வைக்கிறது. இடத்தைச் சேமிக்கும் சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் அந்த பிட்டுகளைக் கவனிக்காத கருவியில் அதே கோப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் தெரியும். நகல் சிறிய எழுத்திலிருந்து பெரிய எழுத்துக்கு மாறிவிட்டது என்று எதிர்த்திசையில் புகார் வந்தால் இந்தப் பக்கம் தேட வேண்டும்.

பழைய குறுந்தகடுகளிலிருந்து படம் எடுப்பவர்களுக்கும் இதே அனுபவம் கிடைக்கும். ஐஎஸ்ஓ 9660 என்னும் கோப்பு முறைமை கொண்ட தகட்டில், நீண்ட பெயர்களைக் காக்கும் ராக் ரிட்ஜ், ஜோலியட் ஆகிய நீட்டிப்புகள் எதுவும் இல்லையென்றால், லினக்ஸ் இயல்பாகவே பெயர்களைச் சிறிய எழுத்தாக்கிக் காட்டும். மேப் என்னும் தெரிவை ஆஃப் என்று வைத்தால் அது நிற்கும். விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர உதவும் சம்பா வழியே பகிரப்பட்ட கோப்புறையில் பெயர் மாறுகிறது என்றால், அமைப்புக் கோப்பில் பிரிசர்வ் கேஸ், ஷார்ட் பிரிசர்வ் கேஸ் ஆகிய இரண்டையும் பாருங்கள். இரண்டின் இயல்பு மதிப்பும் யெஸ், அதாவது ஆம் என்பதுதான். யாராவது பழைய காரணத்துக்காக மாற்றி வைத்திருக்கக்கூடும்.

பதில் – முன்னிரவு

எல்லோரும் எழுத்தைக் காப்பது பற்றியே பேசுகிறீர்கள். இணையதளத்துக்குப் போகும் படங்களைப் பொறுத்தவரை, எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தாக்கி, பக்கங்களில் உள்ள இணைப்புகளையும் அவ்வாறே மாற்றிவிடுவதுதான் நிலையான தீர்வு என்பது என் கருத்து. பட்டியலை யார் எப்படித் தட்டச்சு செய்தாலும் கவலை இல்லை. மூலக் கோப்புறையை அப்படியே விட்டுவிட்டு, வெளியீட்டில் மட்டும் இதைச் செய்யலாம். மாற்றும் முன் இரண்டு பெயர்கள் ஒன்றாகிவிடவில்லை என்பதை மட்டும் சரிபார்க்க வேண்டும்.

தளத்தின் கோப்புகள், மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் இருந்தால் ஓர் எச்சரிக்கை. விண்டோஸில் உருவாக்கிய களஞ்சியத்தில் இக்னோர்கேஸ் என்னும் அமைப்பு ட்ரூ என்று இருக்கும். எக்ஸ்புளோரரில் பெயரின் எழுத்தை மட்டும் மாற்றினால் கிட் அதை மாற்றமாகவே எண்ணாது. கிட் எம்வி கட்டளையால் மாற்றினால்தான் பதிவாகும்.

பதில் – தறி

முன்னிரவு சொல்வது புதிய தளத்துக்குப் பொருந்தும். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தளத்தில் படங்களின் முகவரிகள் நூல் விற்பவர்களின் பக்கங்களிலும் மின்னஞ்சல்களிலும் தேடுபொறிகளிலும் பரவியிருக்கும். அவற்றின் எழுத்தை நம்மால் மாற்ற முடியாது. பழைய முகவரிகளுக்குத் திருப்பிவிடும் விதிகளை எழுதுவதற்கு ஆகும் உழைப்பை விட, உள்ள பெயரைக் காப்பதற்கு ஆகும் உழைப்பு குறைவு. அட்டைப்படம் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

தமிழில் பெயரிட்ட கோப்புகள் இருந்தால் அவற்றைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் எழுத்துகளில் பெரியது, சிறியது என்ற வேறுபாடு இல்லாவிட்டாலும், ஒகர, ஓகார உயிர்மெய்களின் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னும் பின்னும் வரும் இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். மேக் கணினியின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பெயரைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து வந்த "நூல்தொகுப்பு" என்ற பெயரும் விண்டோஸில் தட்டச்சு செய்த அதே பெயரும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் லினக்ஸ் சர்வருக்கு இரண்டு வேறு கோப்புகள். அகராதியின் சாவியை உருவாக்கும்போது யுனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் செயற்கூற்றால் என்எஃப்சி என்னும் சேர்த்தெழுதிய வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால் தேடல் தவறாது. மதிப்பாக வைக்கும் பெயரைத் தொட வேண்டாம்.

பதில் – கருவிப்பெட்டி

நகலெடுத்து முடித்தபின் சரிபார்ப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. விண்டோஸில் எக்சிஸ்ட்ஸ் செயற்கூற்றைக் கொண்டு சரிபார்ப்பதில் பயன் இல்லை. எந்த எழுத்தில் கேட்டாலும் அது ஆம் என்றே சொல்லும். இலக்குக் கோப்புறையின் லிஸ்ட்டிர் பட்டியலை ஒரு கணமாக (செட்) மாற்றி, எதிர்பார்த்த பெயர்களின் கணத்தோடு நேரடியாக ஒப்பிடுங்கள். எழுத்து ஒன்று மாறியிருந்தாலும் கழித்தலில் அந்தப் பெயர் வெளியே வந்துவிடும். இணைப்புகளையும் இதே கணத்தோடு ஒப்பிட்டால், சர்வருக்கு ஏற்றும் முன்பே 404 வரப்போகும் படங்கள் தெரிந்துவிடும்.

விண்டோஸ் 10 இன் 1803 பதிப்பு முதல், தனி ஒரு கோப்புறைக்கு மட்டும் எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும் தன்மையைக் கொடுக்கலாம். லினக்ஸுக்கான துணைமுறைமையை நிறுவிவிட்டு, நிர்வாகி உரிமையோடு எஃப்எஸ்யூட்டில் கட்டளையின் ஃபைல் பிரிவில் உள்ள செட்கேஸ்சென்சிட்டிவ்இன்ஃபோ என்பதைப் பயன்படுத்த வேண்டும். காலியாக உள்ள வெளியீட்டுக் கோப்புறையில் இதைச் செய்துவிட்டால், உங்கள் கணினியிலேயே பக்கத்தைத் திறக்கும்போது எழுத்து பொருந்தாத படங்கள் சர்வரில் போலவே காணாமல் போகும். ஆனால் அதன்பின் எழுத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு கோப்புகள் அங்கே அருகருகே இருக்க முடியும். ஒவ்வொரு முறையும் காலி செய்யும் வரியை நிரலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். காலி செய்யும்போது கோப்புறையையே அழித்து உருவாக்காமல் உள்ளே இருப்பவற்றை மட்டும் அழியுங்கள், ஏனெனில் கோப்புறை போனால் அதற்குக் கொடுத்த தன்மையும் கூடவே போய்விடும்.